போல்ட்டா, வெல்டிங்கா?

புரோகிராம் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. எழுதியதை மாற்றுவதுதான் தலைவலி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். போல்ட் போட்ட பலகையை ஸ்பானர் இருந்தால் சின்னப் பையனும் கழற்றிவிடுவான். வெல்டிங் வைத்த இடத்தை வெட்டத்தான் வேண்டும். கம்ப்யூட்டர் மொழியிலும் இந்த இரண்டு ரகம் உண்டு.

எங்கள் மினி புராஜெக்ட், முட்டை வியாபாரத்துக்கு பில் போடும் ஒரு 'சி' புரோகிராம். டிரேக்கு 30 முட்டை. டிரே(900) என்று கூப்பிட்டால் 30 வரும். ஒரே அளவில் இரண்டு லோடு போனால் டிரே(900) + டிரே(900). நண்பன் ஒருவன், "எதுக்குடா ரெண்டு தடவை?" என்று 2 * டிரே(900) ஆக்கினான். கணக்குப் பாடத்தில் இதற்கு ஃபுல் மார்க். ஆனால் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே பில் நம்பரை ஒன்று கூட்டும் வரியை நான் செருகி வைத்திருந்தேன்! மொத்த டிரே சரி. இரண்டு லோடுக்கும் ஒரே பில் நம்பர். அரை நாள் தேடினோம். தப்பு அவனுடையதா, என்னுடையதா? பாதி 'சி' மொழியுடையது என்பேன். கூப்பிடும் இடத்தில் அந்த வரி இருக்கும் அறிகுறியே தெரியாது.

இதே தொல்லை பெரிய அளவில் வந்தது ஒய்2கே சமயத்தில். 1990களின் கடைசியில் சென்னை, பெங்களூர் கம்பெனிகளில் பழைய கோபால் (பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைக்காதீர்கள்!) புரோகிராம்களில் இரண்டு இலக்க வருடத்தைச் சரிசெய்யும் வேலை நடந்தது. அந்த மொழியில் ஆல்டர் என்று ஒரு கட்டளை. ஒரு கோ டூ எங்கே தாவ வேண்டும் என்பதை, புரோகிராம் ஓடும்போதே வேறு இடத்திலிருந்து மாற்றிவிடும். லிஸ்டிங்கில் ஒரு பாதை, ஓட்டத்தில் வேறு பாதை. எந்த டூல் இதை நம்பி மாற்றும்? 1985 தரத்தில் 'வழக்கொழிந்தது' என்று குறித்தார்கள். 2002 தரத்தில் எடுத்தே விட்டார்கள்.

ஒய்2கேக்கு 20 வருடம் முன்பே ஜான் பேக்கஸ் வேறு வழி சொன்னார். 1957-ல் ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்த குழுவின் தலைவர் அவர். 1977 டூரிங் விருது உரையில், அசைன்மென்ட் ஸ்டேட்மென்டை நம்பி நிற்கும் மொழிகளை, தன்னுடையதையும் சேர்த்து, குறை சொன்னார். அவர் முன்வைத்த எஃப்.பி. மொழியில் அசைன்மென்டே கிடையாது. அதனால் அல்ஜீப்ரா மாதிரி விதிகள் கிடைத்தன. எல்லா பில்லுக்கும் தள்ளுபடி போட்டு முடித்து, மறுபடி எல்லாவற்றுக்கும் வரி போடுகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பில்லாக எடுத்து இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம். பில் கட்டை ஒரு தடவை புரட்டினால் போதும். விடை மாறாது என்பதை ஓட்டிப் பார்க்காமலே சொல்லலாம்.

சரி, பில் நம்பர் எங்கேயாவது கூடித்தானே ஆகணும்? ஹாஸ்கல் மொழியில் அப்படிப்பட்ட வேலைக்கு டைப்பிலேயே ஐஓ என்ற முத்திரை விழும். முத்திரை இல்லாத ஃபங்ஷனைத் தைரியமாக மாற்றலாம். 'சி'-யில் முத்திரை கிடையாது. அதனால் பில் நம்பர் வரியை நாங்களே வெளியே எடுத்துத் தனி ஃபங்ஷனாக வைத்தோம். நண்பன் எழுதிய 2 * டிரே(900) இப்போது அப்படியே இருக்கிறது.