லேப்ரடாருக்கு வேலை கொடுங்கள்: தண்ணீரில் பழக்கும் முறை, படிப்படியாக

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் வெளிநாட்டு நாய்களில் லேப்ரடார் ஒன்று. சாது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், எல்லோரிடமும் பழகும் என்று சொல்லித்தான் வாங்குகிறோம். ஒரு வருடம் கழிந்தால் பல வீடுகளில் அது கார் ஷெட்டில் செயினில் கிடக்கிறது. உடம்பு பெருத்துவிட்டது, செருப்பைக் கடிக்கிறது, வருகிறவர் மேலெல்லாம் தாவுகிறது, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று புகார் சொல்கிறோம். குறை நாயிடம் இல்லை. எந்த வேலைக்காக அந்த இனம் உருவானதோ அந்த வேலையை அதற்கு யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையை வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொடுக்க முடியும்.

முதலில் நாயைத் தெரிந்துகொள்ளுங்கள்

லேப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்கள் வைத்திருந்த செயின்ட் ஜான்ஸ் நாய்தான் இதன் மூதாதை. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வருவதும், வலைக் கயிற்றை இழுத்து வருவதும் அதன் அன்றாட வேலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் கப்பல்களோடு அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. மால்ம்ஸ்பரி பிரபுவின் குடும்பமும் ஸ்காட்லாந்தின் பக்ளூ பிரபுவின் குடும்பமும் அதை வாத்து வேட்டைக்காக வளர்த்தார்கள். 1880களில் மால்ம்ஸ்பரி கொடுத்த நெட், ஏவன் என்ற இரு நாய்கள் பக்ளூ பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றைய லேப்ரடார் வம்சத்தின் அடித்தளம் அவை. 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

உடம்பைப் பார்த்தாலே வேலை புரியும். மேலே முரட்டு முடி, அடியில் நெருக்கமான மென்முடி என இரண்டு அடுக்கு. குளிர்ந்த நீர் தோலை எட்டாது. அடி பருத்து நுனி மெலிந்த வால், நீந்தும்போது திசை திருப்ப உதவும். விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வாய் மென்மையானது. சுட்டு வீழ்த்திய வாத்தை ஒரு சிறகும் கசங்காமல் கொண்டுவந்து கையில் வைக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வாய் அது.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்மூர் வேட்டை நாய்கள் கண்ணில் பட்டதை விரட்டிப் பிடிக்கப் பிறந்தவை. முடிவை அவையே எடுக்கும். லேப்ரடாரின் வேலை வேறு. வேட்டைக்காரர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பறவை விழுந்த இடத்தைப் பார்த்து நினைவில் வைக்க வேண்டும். போ என்றால்தான் போக வேண்டும். எடுத்ததை நேராகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இப்படிச் சொல்லுக்குக் காத்திருக்கும் குணம் இருப்பதால்தான் ராணுவமும் காவல்துறையும் மோப்பப் பணிக்கு இந்த இனத்தை விரும்பி எடுக்கின்றன.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை உண்டு. நமக்கு வாத்தும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். தூக்கி எறிய ஒரு டம்மி போதும். நாய்க்கு அதே மகிழ்ச்சி கிடைக்கும்.

படி 1: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாயை நேரில் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டுக் கோளாறுகள் பரம்பரையாக வரும். பெற்றோருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேள்வியைத் தட்டிக் கழிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். கறுப்பு, மஞ்சள், சாக்லேட் என மூன்று நிறமும் ஒரே இனம்தான். நிறத்துக்காக அதிக விலை கொடுப்பதில் பொருளில்லை.

படி 2: முதல் மாதம், வாயைக் கெடுக்காமல் இருப்பது

குட்டி உங்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு வரும். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கத்திக்கொண்டு துரத்தினால் குட்டி இரண்டு பாடம் படிக்கிறது: பொருளை எடுத்தால் ஓட வேண்டும், ஆள் கிட்ட வந்தால் இறுக்கிக் கடிக்க வேண்டும். பிறகு டம்மியைக் கொடு என்றால் எப்படிக் கொடுக்கும்?

நீங்கள் கீழே உட்காருங்கள். வா என்று சிரித்த முகத்தோடு கூப்பிடுங்கள். வந்ததும் பொருளைப் பிடுங்காமல் முதலில் நெஞ்சைத் தடவிக்கொடுங்கள். சில நொடி அது வாயில் வைத்திருக்கட்டும். பிறகு தாடைக்குக் கீழே கையை வைத்து, கொடு என்று சொல்லி, வேறு ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். செருப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அலமாரியில் வையுங்கள். கயிறு இழுக்கும் விளையாட்டு இந்த வயதில் வேண்டாம்.

படி 3: உட்கார், வா, இரு

இந்த மூன்றும் கைவசமாகாமல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. தமிழில் சொன்னாலும் சிட், கம், ஸ்டே என்று சொன்னாலும் நாய்க்கு ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம்.

விசிலையும் சேர்த்தே பழக்குங்கள். தண்ணீர்ச் சத்தத்திலும் காற்றிலும் உங்கள் குரல் எடுபடாது; விசில் எடுபடும். வேட்டை நாய் பழக்குகிறவர்களின் வழக்கம் இது: நீளமாக ஒருமுறை ஊதினால் உட்கார், குட்டிக் குட்டியாக அடுத்தடுத்து ஊதினால் வா. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் வா விசிலை ஊதுங்கள். சில நாளிலேயே அந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் பாய்ந்து வரும்.

ஒவ்வொரு பாடமும் ஐந்து நிமிடம் போதும். காலையும் மாலையும் இருமுறை செய்யுங்கள்.

படி 4: தரையில் எடுத்து வரப் பழக்குவது

டம்மியை வீட்டிலேயே செய்யலாம். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு கைப்பிடி மணல் போட்டு மூடியை இறுக்குங்கள். சாக்குத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்து, ஒரு முனையில் முழ நீளக் கயிறு கட்டுங்கள். தண்ணீரில் மிதக்கும், தூரம் போகும், பல்லுக்கும் இதமாக இருக்கும். சிறு குட்டிக்குச் சுருட்டிக் கட்டிய பழைய சாக்ஸ் போதும். பயிற்சி முடிந்ததும் டம்மியை எடுத்து வைத்துவிடுங்கள். நாயிடம் விட்டுவைத்தால் அது கடித்துத் துப்பும் பொம்மையாகிவிடும். பிளாஸ்டிக்கை விழுங்கவும் கூடும்.

முதல் பாடத்தை வீட்டு நடையிலோ குறுகலான சந்திலோ நடத்துங்கள். எடுத்த குட்டிக்கு உங்களிடம் திரும்புவதைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது. நாலடி தூரத்தில் போடுங்கள். எடுத்ததும் விசில் ஊதுங்கள். நீங்கள் பின்னால் நகர்ந்தால் குட்டி உங்களை நோக்கி ஓடிவரும். இரண்டு மூன்று முறையோடு நிறுத்துங்கள். இன்னும் ஒன்று போட மாட்டாரா என்ற ஏக்கத்தோடு பயிற்சி முடிய வேண்டும். சலிக்கும்வரை எறிந்தால் மறுநாள் ஆர்வம் இருக்காது.

படி 5: காத்திருக்கப் பழக்குவது

நல்ல லேப்ரடாரைக் காட்டிக்கொடுப்பது ஓட்டமல்ல, அதன் பொறுமை. ஆறு மாத வயதை ஒட்டி இதைத் தொடங்கலாம். நாயை உட்கார வைத்து, கழுத்துப்பட்டையில் ஒரு விரலை நுழைத்துப் பிடித்துக்கொண்டு டம்மியை எறியுங்கள். அது துள்ளி அடங்கி, உங்கள் முகத்தைப் பார்த்த பிறகே போ என்று விடுங்கள். எறிவதில் பாதியை நீங்களே நடந்து போய் எடுத்து வாருங்கள். எறிந்ததெல்லாம் தனக்கில்லை என்று புரிந்த நாய், தெருவில் பந்து உருண்டாலும் பூனை ஓடினாலும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். இந்தப் பயிற்சியின் பலன் குளக்கரையைவிட நடுத்தெருவில்தான் அதிகம் தெரியும்.

படி 6: தண்ணீருக்குள்

குட்டிக்கான தடுப்பூசிகள் முழுவதும் முடியாமல் குளத்தில் இறக்காதீர்கள். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். அதற்கான தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும்.

நீந்தப் பிறந்த நாய்தானே என்று தூக்கி எறிவது பெரிய பாவம். ஒருமுறை மூழ்கிப் பயந்த குட்டி காலமெல்லாம் கரையிலேயே நிற்கும். சரிவாக இறங்கும், அடி தெரியும், வெதுவெதுப்பான நீரைத் தேர்ந்தெடுங்கள். பம்ப்செட் தொட்டியைவிட மணல் கரை நல்லது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நீங்கள் இறங்குங்கள். குட்டி தானாகப் பின்னால் வரும்.

முதல் நாள் கால் நனைந்தால் போதும். அடுத்து, கால் தரையில் படும் ஆழத்தில் டம்மியைப் போடுங்கள். அது பயமில்லாமல் எடுத்து வந்த பிறகு, இரண்டடி நீந்தினால் எட்டும் தூரத்தில் போடுங்கள். நீந்தத் தெரியாத நாய் முன்னங்காலால் நீரை அறையும், பின்பக்கம் அமிழும். அப்போது வயிற்றுக்கடியில் கைகொடுத்துப் பின்பக்கத்தை உயர்த்துங்கள். முதுகு நீர்மட்டத்துக்கு வந்ததும் நான்கு காலும் தாளத்தோடு அடிக்கத் தொடங்கும். நாய்களுக்கான மிதவைச் சட்டை கிடைத்தால் தொடக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு கோளாறுகள் வழக்கமாக வரும்.

ஒன்று, கரையேறியதும் டம்மியைக் கீழே போட்டு உடம்பை உதறுவது. வேட்டையில் இப்படிச் செய்தால், காயம்பட்ட வாத்து தப்பிவிடும். இதைத் திருத்த நீங்கள் கணுக்கால் நீரிலேயே நின்று, உதறுவதற்கு முன் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தினமும் ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.

இரண்டு, நீருக்குள் நேராகப் போகாமல் கரையைச் சுற்றி ஓடுவது. டம்மியைக் கரையோரமாக எறிந்தால் இந்தப் பழக்கம் வரும். பல வாரங்களுக்குக் கரைக்குச் செங்குத்தாக, நேர் எதிரேதான் எறிய வேண்டும்.

படி 7: எங்கே இறக்கக் கூடாது

படியில்லாத கிணறு, மதகு திறக்கும் கால்வாய், அலை இழுக்கும் கடல், ஆகாயத்தாமரை மூடிய ஏரி, பச்சைப் பாசி படர்ந்து நாறும் குட்டை ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். அமராவதி அணை, ஒகேனக்கல் பக்கத்துக் காவிரி, அணைக்கரைக் கொள்ளிடம் போன்ற இடங்களில் முதலை உண்டு.

நாய் வாயைத் திறந்துகொண்டு நீந்தும்போது நிறைய நீரை விழுங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி ஓய்வு கொடுங்கள். வாந்தி, தள்ளாட்டம், மந்தமான பார்வை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

படி 8: கரையேறிய பிறகு

நல்ல நீரில் அலசி, அடிமுடிவரை துவட்டுங்கள். தொங்கும் காது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காதின் உட்பக்கத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். நாற்றமோ தலையை உதறுவதோ இருந்தால் காதில் புண் இருக்கிறது என்று பொருள். விரலிடுக்கு, காது மடல், அக்குள் மூன்றிலும் உண்ணி பாருங்கள். சில நேரம் நீந்திய மறுநாள் வால் உயிரில்லாததுபோல் தொங்கும். அது தசைப்பிடிப்பு, ஓய்வில் சில நாளில் சரியாகும். வலி அதிகமென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

வெயிலும் சாப்பாடும்

குளிர்நாட்டுக் கோட்டு போட்ட நாயை நம் ஊர் வெயிலில் ஓடவைக்கக் கூடாது. கோடையில் சூரியன் ஏறுவதற்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். மூச்சு இரைத்து, ஈறு சிவந்து, கால் தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

லேப்ரடார் எப்போதும் பசியோடு பார்க்கும். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: ஏறக்குறைய கால்வாசி லேப்ரடார்களிடம், வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் பணியில் பங்குள்ள மரபணுவின் ஒரு பகுதி இல்லை. எனவே அதன் கண்ணைப் பார்த்துச் சோறு போடாதீர்கள், அளந்து போடுங்கள். 2002இல் வெளியான நீண்டகால ஆய்வில், உடன்பிறந்த லேப்ரடார்களில் கால் பங்கு குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். பயிற்சியில் கொடுக்கும் தின்பண்டத்தை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு.

வளர்ந்த நாய்க்கும் இதே வழி

ஒன்றரை வயதுக்குள் மூட்டு முழுதாக முதிராது. அதுவரை உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் நெடுந்தூரம் ஓடவிடுவதும் வேண்டாம். அதற்குப் பிறகு தினமும் காலை மாலை நடை, பத்து நிமிடப் பாடம், வாரம் ஒருமுறை தண்ணீர் என்றிருந்தால் போதும். இந்த நேரத்தைக் கொடுக்க முடியாத வீட்டுக்கு லேப்ரடார் வேண்டாம். அதை இப்போதே முடிவு செய்வது நாய்க்குச் செய்யும் உதவி.

ஏற்கெனவே கார் ஷெட்டில் ஒன்று கட்டிக் கிடந்தால், வயதாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நான்கு வயது நாயும் ஏழு வயது நாயும் கற்றுக்கொள்ளும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, மூட்டும் எடையும் சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இன்று மாலையே செயினை அவிழ்த்து, நடையில் நின்று, சுருட்டிய சாக்ஸை நாலடி தூரத்தில் போடுங்கள்.