இரவு 11 மணிக்குப் பிறகு பாட்டு: ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெரு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. எங்கள் முன்னறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே 9 அங்குலச் செங்கல் சுவர் ஒன்றுதான். அங்கே கைக்குழந்தை இருமினால் இங்கே கேட்கும். இங்கே ஸ்பீக்கரில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் அந்தக் குழந்தை விழித்துக்கொள்ளும். இரவு 11 முதல் காலை 7 வரை அளவுக்கு மேல் சத்தம் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் இரைச்சல் சட்டமும் நேரம் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் வேலை முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, நமக்கென்று ஒரு மணி நேரம் வாய்ப்பதே அந்த 11 மணிக்குப் பிறகுதானே! அதற்காகத்தான் நல்ல ஹெட்ஃபோனும், மேசை மேல் வைக்கிற சிறிய ஆம்ப்ளிஃபயரும். ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்கிறார்கள். மிக மெதுவாக வைத்தால் பாட்டு எப்படி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வேன். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்கும் ஹெட்ஃபோனைப் பாருங்கள். புளூடூத் ஹெட்ஃபோனுக்குள்ளேயே ஆம்ப் இருக்கிறது; அதற்குத் தனியாக வாங்குவது வீண் செலவு. ஒயர் உள்ள ஹெட்ஃபோன் என்றால் அதன் பெட்டியிலோ காதுக் கிண்ணத்திலோ ஓம் கணக்கு (மின்னெதிர்ப்பு) போட்டிருக்கும். 16, 32 ஓம் என்றால் சாதாரணமாக ஃபோனோ லேப்டாப்போ போதும். 250, 300, 600 ஓம் என்றால் ஆம்ப் தேவைப்படலாம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிளேனார் வகை ஹெட்ஃபோன்களில் ஓம் குறைவாக இருக்கும், ஆனால் மின்சாரத்தை நிறைய இழுக்கும். அவற்றுக்கும் ஆம்ப் வைப்பது நல்லது.

2. ஓம் மட்டும் பார்த்தால் போதாது, உணர்திறனையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதையும், பாருங்கள். ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சென்ஹைசர் எச்டி 600 என்பது 1997-இல் வந்த 300 ஓம் ஹெட்ஃபோன், இன்னும் விற்கிறது. 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் தரும். ஃபோனில் செருகும் சின்ன டாங்கிளில் பல சுமார் 1 வோல்ட் தருபவை. சினிமாப் பாட்டுக்கு அது போதும். முழு ஆர்கெஸ்ட்ரா இசையில், மெல்லிய வயலினிலிருந்து பித்தளை வாத்தியங்கள் ஒன்றாக எழும் உச்சம் வரை, அந்த ஒரு நொடி உச்சத்துக்கு 110 டெசிபல் வரை இடம் விட்டு வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 4.5 வோல்ட் வேண்டும். வாட் கணக்கில் அது வெறும் 67 மில்லிவாட். விளம்பரத்தில் 2 வாட், 3 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு மடங்கு வாட்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல்தான்.

3. மெதுவான சத்தத்தில் சோதியுங்கள். என் கணக்கில் இதுதான் முதல் குறிப்பாக இருந்திருக்க வேண்டும். ஹெட்ஃபோனைப் பற்றித் தெரியாமல் இது புரியாது என்பதால்தான் மூன்றாவதாக வைத்தேன்.

பெரும்பாலான ஆம்ப்களின் வால்யூம் குமிழுக்குள் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு கரித்தடங்கள் ஒரே அச்சில் சுழல்கின்றன. குமிழ் நடுவில் இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போகும். தொடக்கத்தில், முதல் சில பாகைகளில், ஒத்துப்போகாது. ஒரு காதில் கூடுதலாகவும் மறு காதில் குறைவாகவும் கேட்கும். பகலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரவில் நாம் கேட்பதே அந்த முதல் சில பாகைகளில்தான்.

சோதிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். மதுரை மணி ஐயர், ஜி.என்.பி. போன்றவர்களின் பழைய மோனோ கச்சேரிப் பதிவு ஒன்றை ஃபோனில் ஏற்றிக்கொண்டு போங்கள். மோனோ என்பதால் குரல் தலையின் நட்ட நடுவில், நெற்றிக்குப் பின்னால் இருக்க வேண்டும். குமிழை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சுமாரான ஆம்ப் என்றால், ஒரு கட்டத்தில் பாடுபவர் எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்ததுபோல் குரல் நகரும். தம்புராவும் அதோடு சேர்ந்தே நகரும். நல்ல ஆம்ப் என்றால் குரல் நடுவிலேயே நின்று, சிறுத்து, அடங்கும். படிப்படியாக மாற்றும் குமிழோ டிஜிட்டல் வால்யூமோ உள்ளவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிடி பிளேயர்கள், மேசை டாக்குகள் (டிஜிட்டல் பாட்டை அனலாக்காக மாற்றும் DAC பெட்டிகள்) வழக்கமாகத் தருவது 2 வோல்ட். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்ஃபோனை 2 வோல்ட்டில் முழுதாகத் திறந்தால் 121 டெசிபல்! இரவில் நமக்கு வேண்டியது 60 டெசிபல் சுமார். அப்படியானால் குமிழ் திறந்ததும் திறக்காததுமாகத்தான் இருக்கும். எச்டி 600 என்றால் அதே 2 வோல்ட்டில் 103 டெசிபல்தான், ஆகவே குமிழைத் தாராளமாகத் திருப்பலாம். ஆம்ப்புக்குக் கடினம் என்று பலர் ஒதுக்கும் 300 ஓம் ஹெட்ஃபோன் இரவுக் கேட்புக்குப் பொருந்துவது இதனால்தான். கெய்னைக் குறைந்த நிலையில் வைத்துப் பழகுங்கள்.

4. ஆம்ப்பின் வெளியீட்டு ஓம் எவ்வளவு என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கையேட்டில் இருக்கும். அது ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம். ஐஇசி 61938 என்ற பழைய சர்வதேசத் தரம் 120 ஓம் என்று சொல்லியிருந்தது. அதனால் பழைய ஸ்டீரியோ ஆம்ப்களின் ஹெட்ஃபோன் துளையில் 120 ஓமோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். அதில் என்ன தவறு? ஹெட்ஃபோனின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கனத்த நாதத்தில் 32 என்பது 60 ஆக உயரும் ஒரு ஹெட்ஃபோனை 120 ஓம் துளையில் செருகினால் அந்த இடம் மட்டும் சுமார் 4 டெசிபல் எகிறும். மிருதங்கத்தின் தொப்பி வீங்கிப் போய், வலந்தலையின் சாப்பு அதற்குள் அமுங்கிவிடும். பாட்டை மாற்றினாலும் அந்த வீக்கம் போகாது.

5. காதுக்குள் செருகும் வகை இயர்ஃபோன்தான் உங்களுடையது என்றால், பாட்டே இல்லாமல் ஆம்ப்பை ஆன் செய்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வாங்க வேண்டாம்.

6. பாட்டு எங்கிருந்து வரப்போகிறது? லேப்டாப் என்றால் யூஎஸ்பி. டிவி என்றால் பின்னால் ஆப்டிகல் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் டாக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் வருவது வசதி, கேபிளும் குறையும். ஊரிலிருந்து கொண்டுவந்த எல்பி ரெக்கார்டு கேட்க வேண்டுமானால் டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஃபோனோ ஸ்டேஜ் என்ற இன்னொரு சிறிய பெட்டி வேண்டும். சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும். இதை விட்டுவிட்டு வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்து, கொசு பாடுவதுபோல் கேட்கிறதே என்று திகைப்பார்கள்.

7. வோல்ட்டேஜைப் பாருங்கள். இங்கே 230 வோல்ட், அமெரிக்காவில் 120. நியூஜெர்சியிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் ஆசையாக ஒரு ஆம்ப் வாங்கி வந்தான். அதன் அடாப்டர் ஃபோன் சார்ஜர் மாதிரி எல்லா நாட்டுக்கும் பொருந்துவது அல்ல. உள்ளே செப்புக்கம்பி சுற்றிய கனமான டிரான்ஸ்ஃபார்மர். விமான நிலையத்தில் வாங்கிய டிராவல் ப்ளக்கில் செருகினோம். டிராவல் ப்ளக் முள்ளை மாற்றுமே தவிர வோல்ட்டேஜை மாற்றாது. ஒரு நிமிடத்தில் கருகிய வார்னிஷ் வாடை வீடு முழுக்கப் பரவியது. அடாப்டரின் அடியில் 'இன்புட்' என்ற வரியில் 230 அல்லது 100–240 என்று இருந்தால் மட்டுமே இங்கே செருகுங்கள். 'அவுட்புட்' வரியில் ஏசியா டிசியா என்றும் பாருங்கள். துளை ஒன்றுபோல் இருக்கிறதென்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருகினால் ஆம்ப் போய்விடும்.

இந்த நாட்டு மூன்று முள் ப்ளக்குக்குள் ஃபியூஸ் இருப்பது தெரியும்தானே? ஹெட்ஃபோன் ஆம்ப் இழுப்பது கொஞ்சம் மின்சாரம்தான். பெட்டியில் வரும் ஃபியூஸ் 3 ஆம்பியர் என்றால், எரிந்து போகும்போது கையில் கிடைத்த 13 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள்.

8. லேப்டாப் சார்ஜரை இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் ஆம்ப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு வழியாக எர்த் போகும்போது அப்படி வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் அதுதான். சார்ஜரையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், அல்லது ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். ஒளியில் எர்த் ஓடாது. ப்ளக்கின் எர்த் முள்ளைத் துண்டிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

9. வால்வு ஆம்ப்பின் மேல் ஆசை வருவது இயல்பு. நம்மவர்கள் புடவைக்கும் மளிகைக்கும் போகும் ஈலிங் ரோடு இருக்கிறதே, அந்த வெம்பிளியில்தான் மியூசிக்கல் ஃபிடெலிட்டி நிறுவனம் நெடுங்காலம் இருந்தது. கிளாரினெட் வாசிக்கும் ஆன்டனி மைக்கேல்சன் 1982-இல் தொடங்கியது. எக்ஸ்-கேன் என்ற, உருளை வடிவிலான, வால்வு வைத்த அவர்களுடைய ஹெட்ஃபோன் ஆம்ப் இன்றும் செகண்ட்-ஹேண்டில் கண்ணில் படுகிறது. நாகஸ்வரத்தின் கூர்மையை வால்வு கொஞ்சம் வழவழப்பாக்குவதாக எனக்குத் தோன்றும், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் வால்வு சூடாகும், தேயும், மாற்ற வேண்டிவரும். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களில் வெளியீட்டு ஓம் அதிகம். 300, 600 ஓமோடு நன்றாகப் போகும், 32 ஓமோடு நான்காவது குறிப்பில் சொன்ன கதைதான். முதல் ஆம்ப்பாக வால்வை வாங்கச் சொல்ல மாட்டேன்.

10. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் கம்பி ஜோடி தரும் பேலன்ஸ்டு துளைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. 6.3 மில்லிமீட்டர் துளையே போதும். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்திலிருந்து இருக்கும் ஜாக் அது, இன்னும் உறுதியானது.

11. கேட்டுப் பார்த்து வாங்குங்கள், உங்கள் ஹெட்ஃபோனையே கொண்டு போங்கள். 1978-இல் லண்டன் பிரிட்ஜ் அருகே ஆரம்பித்த ரிச்சர் சவுண்ட்ஸ் போன்ற கடைகளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் நிதானமாகக் கேட்கலாம். கேன்ஜாம் என்ற ஹெட்ஃபோன் கண்காட்சியும் லண்டனில் நடக்கிறது. ஒரே நாளில் பத்து ஆம்ப் கேட்டுவிடலாம்.

என்ன பாட்டைக் கொண்டு போவது? மோனோ ஒன்று சொல்லிவிட்டேன். இரண்டாவதாக, நல்ல ஸ்டீரியோ ஒன்று. ஸ்டீரியோவுக்கு 1931 டிசம்பரில் காப்புரிமை விண்ணப்பம் போட்டவர் இஎம்ஐ பொறியாளர் ஆலன் ப்ளம்லின். ஹீத்ரோ போகும் வழியில் இருக்கும் ஹேய்ஸ்தான் அந்த நிறுவனத்தின் ஊர். அவர் மனதில் இருந்தது அறையில் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள். இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போகும். ஹெட்ஃபோனில் அது நடக்காது. அதனால் ஆரம்ப கால ஸ்டீரியோப் பதிவுகள் சிலவற்றில் வயலின் ஒரு காதோடும் மிருதங்கம் மறு காதோடும் ஒட்டிக்கொண்டு அரை மணியில் தலை வலிக்கும். க்ராஸ்ஃபீட் என்ற ஸ்விட்ச் உள்ள ஆம்ப் என்றால் இரண்டையும் சற்றே கலந்து கொடுக்கும். இப்படிப்பட்ட பதிவுகள் நிறையக் கேட்பவர்கள் அதைத் தேடி வாங்கலாம். மூன்றாவது, ஆர்கெஸ்ட்ரா. 2025 மார்ச் 8 அன்று ஹேமர்ஸ்மித் அப்பல்லோவில் இளையராஜாவின் சிம்ஃபொனி கேட்டவர்களுக்கு அந்த மெல்லிய இடமும் பேரெழுச்சியும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் உள்ள அவருடைய 'திருவாசகம்' ஆர்கெஸ்ட்ராப் பதிவை வைத்துச் சோதியுங்கள். மெல்லிய இடம் இரைச்சலில் மூழ்கக் கூடாது, கோரஸ் எழும்போது கரகரக்கக் கூடாது.

12. ஆன்லைனில் புதிதாகக் கடையிடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். பழுதான பொருள் என்றால், கடையில் நேரில் வாங்கியிருந்தாலும், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம். இந்த 30 நாள் உரிமை 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தருவது. தனி ஆளிடம் செகண்ட்-ஹேண்ட் வாங்கும்போது இவை இல்லை என்பதால் நேரில் போய், குமிழைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கரகர என்றால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து 135 பவுண்டுக்கு மேல் வரவழைத்தால் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் (VAT) கூரியர் கட்டணமும் வாசலில் காத்திருக்கும். விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

13. காதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை என்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். நல்ல ஆம்ப்பில் சிதைவு கேட்காததால் சத்தம் ஏறியிருப்பதே தெரியாது. ஆகவே குமிழில் உங்கள் வழக்கமான இடத்துக்கு ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன், இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படும்.

14. கேட்டு முடித்ததும் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி, பிறகு ஆம்ப்பை அணையுங்கள். சில ஆம்ப்கள் அணையும்போது 'டப்' என்று ஓர் அதிர்ச்சியை ஹெட்ஃபோனுக்குள் அனுப்பும். குமிழைக் குறைப்பதை மட்டும் ஒருநாளும் மறக்க வேண்டாம். காலையில் பள்ளிக்குப் போகும் முன் அந்த நாற்காலியில் ஏறி, அப்பாவின் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துப் பார்ப்பது எங்கள் வீட்டு ஆறு வயதுக்காரி.