காணிக்கை முடியும் உலகச் சந்தையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேல்நிலை வகுப்புப் புவியியலில் ‘பொருளாதார வளர்ச்சி’, ‘உலகமயமாக்கல்’ என்னும் இரு தலைப்புகளும் பெரும்பாலும் வரையறைகளாகவே மனப்பாடம் செய்யப்படுவதால், அவற்றோடு சில தவறான எண்ணங்களும் மனத்தில் தங்கிவிடுகின்றன. ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் நகரமான திருத்தணியையும் அதன் சுற்றுப்புறத்தையும் உரைகல்லாகக் கொண்டால், அவற்றுள் எவை தேறும் என்பது தெளிவாகும்.

நம்பிக்கை 1: உலகமயமாக்கல் என்பது துறைமுகமும் விமான நிலையமும் உள்ள பெருநகரங்களின் விவகாரம்.

உண்மை: பொருள், பணம், தகவல், மக்கள் ஆகியவற்றின் ஓட்டத்தால் பல நாட்டுச் சந்தைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதே உலகமயமாக்கல். அந்த ஓட்டத்தின் ஒரு முனை, பக்தர்கள் மொட்டை போட்டுக்கொள்ளும் முடிக்காணிக்கை மண்டபத்தில் இருக்கிறது. திருமலை, பழனி, திருத்தணி போன்ற தலங்களில் நேர்த்திக்கடனாக இறக்கப்படும் முடி ஏலத்திலோ ஒப்பந்தப்புள்ளியிலோ விற்கப்படுகிறது. வாங்கியவர்கள் அதைச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து, வேர்கள் ஒருபுறமும் நுனிகள் மறுபுறமுமாக அடுக்கிக் கட்டுகிறார்கள். எல்லா இழைகளும் ஒரே திசையில் கிடந்தால்தான் முடி சடை பிடிக்காது என்பதால், அவ்வாறு கட்டிய நீள முடிக்கே விலை அதிகம். நம்மூரில் சவுரி என்று வழங்கும் ஒட்டுமுடியாகவும் டோப்பாவாகவும் உருமாறி, அது சீனா, ஐரோப்பா, அமெரிக்கா எனப் பயணப்படுகிறது. 2004-இல், திருமலையில் இறக்கப்பட்ட முடி கோயில் வழிபாட்டோடு தொடர்புடையது என்பதால் அதில் செய்த டோப்பாவை அணியலாகாது என்று யூத மதகுரு ஒருவர் தீர்ப்பளிக்க, நியூயார்க்கிலும் ஜெருசலேமிலும் அத்தகைய டோப்பாக்கள் தெருவில் எரிக்கப்பட்டன. ஓர் ஊரின் நேர்த்திக்கடன் மற்றோர் ஊரின் சமயச் சிக்கலாவதற்கு, நேர்த்திக்கடன் நடக்கும் ஊர் பெருநகரமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆனால் பொருள் புறப்படும் இடத்திலேயே அதன் விலையும் தங்கிவிடுவதில்லை. ஒரு பொருள் மூலப்பொருளாகத் தொடங்கி நுகர்வோர் கையை அடையும்வரை கடந்துசெல்லும் கைகளின் வரிசையை ‘உலகச் சரக்குச் சங்கிலி’ என்றும், ஒவ்வொரு கையிலும் உழைப்பாலும் நுட்பத்தாலும் கூடும் விலையை ‘மதிப்புக்கூட்டல்’ என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன. டோப்பா முடைவதிலும் அதற்குப் பெயரிட்டு விற்பதிலும் கூடும் மதிப்பு, முடியைக் கச்சாவாக அனுப்பும் நாட்டுக்குக் கிட்டாது. கச்சா முடியின் ஏற்றுமதியை இந்திய அரசு 2022 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததற்கு இத்தொழிலை உள்நாட்டில் காக்கும் நோக்கமும் ஒரு காரணம்.

நம்பிக்கை 2: உலகமயமாக்கல் 1991-இல் தொடங்கியது.

உண்மை: 1991-இல் தொடங்கியவை தாராளமயக் கொள்கைகள், கடல் கடந்த வணிகம் அவற்றுக்கு மிக முந்தியது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டியதே சோழமண்டலக் கரையின் துணியைத் தேடித்தான். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், திருத்தணிக்கு அருகிலுள்ள அரக்கோணத்தின் வழியாகவே சென்றது. திருத்தணியைச் சுற்றியுள்ள பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களில் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. பாவும் ஊடையும் முதலாளியிடம் வாங்கிக் கூலிக்கு நெய்துகொடுக்கும் குடும்பம், நூலின் விலையையும் துணியின் விலையையும் தீர்மானிப்பதில்லை. பருத்திச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அதிர்வு கடைசியில் கூலியில்தான் வந்து நிற்கிறது. உலகச் சந்தையோடு தொடர்பு கொள்வது வேறு, அச்சந்தையில் பேரம் பேசும் வலிமை பெறுவது வேறு.

நம்பிக்கை 3: வேளாண்மை, தொழில், சேவை என்று எல்லா ஊர்களும் படிப்படியாகவே முன்னேறும்.

உண்மை: மரபுச் சமூகத்தில் தொடங்கிப் பெருநுகர்வில் முடியும் ஐந்து கட்டங்களை அமெரிக்கப் பொருளியலாளர் ரோஸ்டோ 1960-இல் வகுத்துரைத்தார். திருத்தணி மலைக்கு ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு. அவற்றில் ஒவ்வொன்றாக ஏறலாம். ஊரின் பொருளாதாரமோ அப்படி ஏறுவதில்லை. நெல்லும் கரும்பும் விளையும் வயல், தறிக்கூடம், ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு வருவோரை நம்பிய பூக்கடை ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் இயங்குகின்றன. இச்சேவைகளில் பெரும்பகுதி, நியமன ஆணையும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத ‘முறைசாராத் துறை’யைச் சேர்ந்தது. 2021-இல் தமிழகக் கோயில்களில் மொட்டைக் கட்டணம் நீக்கப்பட்டபோது, முடி இறக்கும் தொழிலாளருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தனியே அறிவிக்க வேண்டியிருந்தது, அவர்கள் அதுவரை நிலையான ஊதியமின்றி இருந்ததையே காட்டுகிறது.

நம்பிக்கை 4: நிர்வாக எல்லையே பொருளாதார எல்லை.

உண்மை: ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கோடு இடம் மாறியதே தவிர, தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சந்தைகளும், திருப்பதிக்கும் திருத்தணிக்கும் இடையிலான யாத்திரைப் போக்குவரத்தும் மாறவில்லை. நிர்வாகம் வரைவது ‘முறைசார் மண்டலம்’. மக்களின் போக்குவரத்தும் கொடுக்கல் வாங்கலும் உருவாக்குவது ‘செயல்சார் மண்டலம்’. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்க வேண்டும் என்பதில்லை.

நம்பிக்கை 5: சராசரி வருமானம் உயர்ந்தால் வளர்ச்சி வந்துவிட்டது.

உண்மை: தனிநபர் வருமானம் என்பது மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் எண். எண்ணூர் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பள்ளிப்பட்டின் தறிக்கூலியும் கணக்கில் சேர்கிறது. கடற்கரையின் வருமானம் கூடினால், தறிக்கூலி ஒரு ரூபாய்கூட ஏறாமலே மாவட்டச் சராசரி உயர்ந்துவிடும். இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீடு 1990-இல் அறிமுகமானது. 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவித்த இலங்கை, அக்குறியீட்டில் இந்தியாவைவிட முன்னிலையில் நிற்பதற்கு அந்நாடு பல பத்தாண்டுகளாகப் பேணிவந்த இலவசக் கல்வியும் மருத்துவமும் காரணம். எனினும் இக்குறியீடும் ஒரு சராசரியே என்பதை மறந்துவிடலாகாது.

உலகமயமாக்கலை விளக்க வரைபடத்தில் அம்புக்குறி இடும் மாணவர், திருத்தணியிலிருந்து வெளியே செல்லும் பொருளுக்கு ஓர் அம்பு இட்டதோடு நின்றுவிடாமல், திரும்பி வரும் பணத்துக்கும் ஓர் அம்பு இடுவாராக. அவ்விரு அம்புகளின் தடிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் வளர்ச்சி குறித்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.