குளியலறையில் மின்சாரம்

தவலையில் வெந்நீர் காய்ச்சிய பல வீடுகளில் இன்று கீசர் சுவரேறிவிட்டது. வசதியுள்ள சில இல்லங்களில் நீராவிக் குளியலும் வந்திருக்கிறது. நீரும் மின்சாரமும் ஓரறையில் குடியிருந்தால் என்ன நேரும் என்பதைப் பௌதிகப் பாடத்தின் துணைகொண்டு காண்போம்.

உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம். நனைந்துவிட்டாலோ உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் வரை இறங்கிவிடலாம். ஓம் விதிப்படி, நம் வீட்டு 230 வோல்ட்டை 1000 ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமற் போகும். 50ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. 16 ஆம்பியர் பியூஸ் உருக 16,000 மில்லி ஆம்பியருக்கும் மேல் வேண்டும். அது ஒயரைக் காக்க வைத்தது, நம்மையன்று.

நம்மைக் காப்பதில் முதலாவது எர்த் ஒயர். கீசரின் சூடேற்றும் கம்பியின் உறை வெடித்தால், தொட்டிக்கு வரும் மின்சாரத்தை அது மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். மூன்று முள் பிளக்கின் மேல்முள் நீண்டிருப்பது ஏன்? செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவுமே. "தண்ணீர்தான் சுடுகிறதே!" என்று எர்த் இல்லாமலே மாட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அவர்களை விடக்கூடாது.

அடுத்தது, இ.எல்.சி.பி. என்று வழக்கில் சொல்லப்படும் ஆர்.சி.சி.பி. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஜீல் 1961இல் உருவாக்கிய கருவியும் இவ்வினமே. பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரு வளையத்தினூடே செல்கின்றன. போன மின்னோட்டம் முழுதும் திரும்பினால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். சிறிது நம் உடல்வழியே மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். வீட்டுக்கேற்ற கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் ஒரு கை பேஸையும் மறு கை நியூட்ரலையும் தொட்டால் அதற்குத் தெரியாது!

நீராவிக் கருவியின் பசி பெரிது. 6 கிலோவாட் என்றால் 26 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் தாங்காது. தனி ஒயரும் தனி பிரேக்கரும் வேண்டும். கொதிகலன் குளிக்கும் அறைக்கு வெளியே இருக்கும்; குழாய்வழி ஆவி மட்டும் உள்ளே வரும். உள்விளக்கு ஆவி புகாததாய், 12 வோல்ட்டில் எரிவதாய் இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றிலும் நம் அச்சத்துக்குரியது வாளியில் போடும் மலிவான ஹீட்டர் கம்பிதான். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்க்க வேண்டும்.