பட்டன் மங்கலா இருக்கா? போன் மேல தப்பு இல்லை!

அரியூர் நாடு உட்பட கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தருபவர் வருவாய் கோட்டாட்சியர்; பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர். ஆக, நாம் தொடும் பிரிவுக்கேற்ப ஆன்லைன் படிவமும் மாற வேண்டும். அது எப்படி மாறுது?

ஜாவாவில் எழுதும் இணையப் பக்கங்களில் இதற்கு ‘எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ்’ உதவுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டனுக்கும் ஒரு வரியில் நிபந்தனை எழுதிவிடலாம்.

• ரெண்டர்டு: ‘பிரிவு பழங்குடியினர்’ என்றால் மட்டும் கட்டம் வரும். இல்லையென்றால் அது உங்கள் போனுக்கே அனுப்பப்படாது.

• டிசேபிள்டு: ‘ஆவணம் சேர்க்கவில்லை’ என்ற நிலை இருக்கும்வரை பட்டன் தெரியும், ஆனால் அழுத்த முடியாது.

இந்த நிபந்தனையைச் சரிபார்ப்பது உங்கள் போன் அல்ல, சர்வர். மலையில் சிக்னல் குறைந்தால் பதில் வரத் தாமதமாகும்.

நீங்க செய்ய வேண்டியது:

1. பிரிவைத் தேர்ந்தெடுத்ததும், பக்கம் மாறும்வரை கொஞ்சம் பொறுங்க.

2. பட்டன் மங்கலா இருந்தா, நட்சத்திரக் குறி போட்ட கட்டம் ஏதாவது விடுபட்டிருக்கான்னு பாருங்க.

3. அனுப்பும் முன் பிரிவை இன்னொரு தடவை பாருங்க. அது தவறினால், தேவையான கட்டமே வராது, சான்றிதழும் தள்ளிப்போகும்.