மூன்று தாமதங்கள்

நுழையும்முன்

‘பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி’ என்பது ஊர்தோறும் வழங்கும் சொல். அச்சொல்லுக்குள் பல தலைமுறைப் பெண்களின் அச்சம் உறைந்துள்ளது. அந்த அச்சத்தைத் தமிழகம் எவ்வாறு குறைத்தது? மருத்துவ அறிவு மட்டும் அதற்குப் போதுமானதாக இருந்ததா? இன்னும் எஞ்சியிருக்கும் பணி யாருடையது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

நீர்சூழ் நாட்டில்

காவிரிப் படுகையில், நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் மன்னார்குடி. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் பிரியும் பாமணியாறும் கோரையாறும் இவ்வட்டார வயல்களுக்கு நீர் தருகின்றன. சோறளித்த ஆறுகளும் வாய்க்கால்களுமே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வழியை மறித்தன. பாலமும் சாலையும் பரவாத காலத்தில், வயல் நடுவே இருந்த குடியிருப்பில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், அவளைக் கட்டிலில் சுமந்தோ மாட்டுவண்டியில் ஏற்றியோ நகருக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நாள் நெருங்கும்வரை சேற்றில் குனிந்து நடவு நட்ட பெண்களின் உடலில் இரத்தமும் குறைந்தே இருந்தது.

ஊர் மருத்துவச்சியின் கைப்பழக்கம் இயல்பான பேற்றுக்குத் துணைநின்றது. ஆனால், எல்லாப் பேறும் இயல்பாக முடிவதில்லை. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், கருப்பை இறுகச் சுருங்கி, திறந்துகிடக்கும் இரத்தக்குழாய்களை அடைக்க வேண்டும். அது சுருங்கத் தவறினால் குருதி பெருக்கெடுக்கும். அரை லிட்டருக்கு மேற்பட்ட இழப்பை மருத்துவர்கள் மிகைக் குருதிப்போக்கு என்பர். அதனைத் தடுக்காவிடில் சில மணி நேரத்திலேயே உயிர் பிரியலாம். எனவே, தாயின் உயிரைக் காப்பதில் மருந்தைப்போலவே காலமும் இன்றியமையாதது.

மூவகைத் தாமதம்

பேறுகால இறப்புகளை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெயின் ஆகிய இருவரும் 1994இல் ஒரு தெளிவான கருத்தை முன்வைத்தனர். மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், சென்றடைந்தபின் தக்க மருத்துவம் கிடைப்பதில் தாமதம் என மூன்று தாமதங்கள் தாய்மாரின் உயிரைப் பறிக்கின்றன என்பதே அக்கருத்து. தமிழகத்தின் அனுபவத்தை இம்மூன்றின் வழியே காணலாம்.

முதல் தாமதம் வீட்டுக்குள் நேர்வது. ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் அறியாமை மட்டுமன்று. செலவைப் பற்றிய அச்சமும் கூலி இழப்பும் உண்டு. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிச் சென்று கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்வதும், இரத்த அழுத்தம், இரத்த அளவு, எடை ஆகியவற்றைத் தொடர்ந்து குறித்து வைப்பதும் இத்தாமதத்தை முன்கூட்டியே களையும் வழிகள். ஏழைத் தாய்மாருக்குப் பணவுதவி வழங்கும் திட்டம் 1987இல் தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த அவ்வுதவி, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் உள்ளடக்கி 18,000 ரூபாயானது. சென்னைச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரும் மருத்துவருமான முத்துலெட்சுமியின் பெயரை இத்திட்டம் தாங்கியுள்ளது.

இரண்டாம் தாமதம் வழியில் நேர்வது. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியதும் ‘வண்டி கிடைக்கவில்லை’ என்னும் நிலை பெரிதும் மாறியது. ஆயினும், இயற்கை சில வேளைகளில் எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், மன்னார்குடிப் பகுதியிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை மறித்தது. பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. இத்தகைய நேரத்தில் வலி கண்டபின் வண்டி தேடுவது பயன் தராது. ஆகவே, புயல் எச்சரிக்கை வந்ததும் பேறுகாலம் நெருங்கிய தாய்மாரின் பட்டியலை எடுத்து, அவர்களை முன்னதாகவே மருத்துவமனையில் சேர்ப்பதைப் பொதுச் சுகாதாரத் துறை வழக்கமாகக் கொண்டுள்ளது. செவிலியரின் பதிவேட்டில் உள்ள ஒரு தேதி, ஓர் உயிரைக் காக்கும் கருவியாகிறது.

மூன்றாம் தாமதம் மருத்துவமனை வாயிலைக் கடந்தபின் நேர்வது. பிள்ளைப்பேற்றுக்கு இரவு பகல் இல்லை. பகலில் மட்டும் இயங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்துப் பணியமர்த்தி, 24 மணி நேரமும் பேறு பார்க்க வழிசெய்தது அரசு. அவற்றால் இயலாத சிக்கல்களுக்காக அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், இரத்தம் ஆகிய மூன்றும் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும் அவசரகாலத் தாய் சேய் நல மையங்கள் உருவாயின. மக்கள் வழக்கில் அவை ‘சீமாங்’ மையங்கள். தஞ்சையில் மிராசுதார்களின் நன்கொடையால் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனை, மன்னார்குடி மாவட்டத் தலைமை மருத்துவமனை, 2010இல் தொடங்கிய திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியன இவ்வட்டாரத் தாய்மார் நாடும் இடங்கள்.

ஏன் இறந்தாள்?

தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை அறிந்தால்தான் அதனை நீக்க முடியும். ‘விதி’ என்று கூறிக் கடந்துசென்ற இறப்புகளைத் தமிழகம் 1990களிலிருந்து ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கியது. வலி எப்போது கண்டது? வீட்டைவிட்டு எப்போது புறப்பட்டனர்? எத்தனை மருத்துவமனைகளுக்கு அலைந்தனர்? இரத்தம் எப்போது கிடைத்தது? இறந்த பெண்ணின் வீட்டாரிடமும் மருத்துவம் பார்த்தவர்களிடமும் இவ்வாறு கேட்டறிவதே பேறுகால இறப்புத் தணிக்கை. ஒருவர்மேல் பழி சுமத்துவது அதன் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். மறைந்துகிடந்த இறப்புகள் வெளிப்பட்டதால், தொடக்கத்தில் பதிவான எண்ணிக்கை கூடவே செய்தது. அதற்கு அஞ்சிக் கணக்கெடுப்பைக் கைவிடாததே இம்முயற்சியின் சிறப்பு.

ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை, தமிழகத்தில் 2001–03இல் 134 ஆக இருந்தது. 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்திய அளவில் அது 301இலிருந்து 97 ஆகக் குறைந்தது. உலக நாடுகள் 2030க்குள் எட்ட முனையும் இலக்கு 70க்கும் கீழ். எனினும், 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 தாய்மார் உயிரிழந்தனர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் குறைந்த வருவாய், கீழ்நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவ்விறப்புகளுள் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை.

எஞ்சியிருக்கும் பணி

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. அதே ஆய்வு, கருவுற்ற பெண்களுள் 48.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்றும் காட்டுகிறது. நெல் விளையும் மண்ணில், தட்டில் சோறு நிறைந்திருந்தும் கீரையும் பருப்பும் மீனும் முட்டையும் குறைந்திருப்பதும், வீட்டில் பெண்கள் கடைசியாக உண்பதும் இதற்குக் காரணங்கள். இரத்தம் குறைந்த உடல், சிறிய குருதிப்போக்கையும் தாங்காது. குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பும் மிகுதி.

கருவுற்றபின் மட்டும் இக்குறையை ஈடுசெய்வது கடினம். வளரிளம் பருவத்திலேயே அதற்கான பணி தொடங்க வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்பெறும் இரும்புச்சத்து மாத்திரை, பதினெட்டு வயதுக்குமுன் திருமணம் இல்லை என்னும் உறுதி, வீட்டில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பழக்கம் ஆகியன எளியவை, ஆனால், பயன்மிக்கவை. இவை மாணவியருக்கு மட்டும் உரியவை அல்ல. நாளை ஒரு வீட்டில் ‘இப்போதே புறப்படுவோம்’ என்று சொல்ல வேண்டியவன், இன்று இவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனாகவும் இருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பூட்டும் ‘கங்காரு பராமரிப்பு’, 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தோன்றியது. போதிய வெப்பப் பெட்டிகள் இல்லாத குறையிலிருந்து பிறந்த இம்முறையை இன்று செல்வ நாடுகளும் பின்பற்றுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் அவர்கள் காலத்துப் பேறுகால அனுபவங்களைக் கேட்டறிந்து, மூன்று தாமதங்களுள் எது அவர்களைப் பெரிதும் வருத்தியது எனக் குறிப்பெழுதுக.

2. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரைச் சந்திப்பதற்கான பத்து வினாக்களை உருவாக்குக.

3. ‘கணக்கில் வராத துயரம் களையப்படுவதில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.