ஒன்றையொன்றொத்த இரு சைக்கிள்கள்

நெடும்பயணத்துக்குச் சைக்கிள் வாங்குவோனுக்கு நேரும் சங்கடம், நல்ல வண்டி கிடையாமையன்று. ஒன்றுபோல மற்றொன்றும் நன்றாயிருத்தலே. அமெரிக்காவிற் பல்லாண்டுகள் விற்பனையான டிரெக் 520, சர்லி கம்பெனியாரின் லாங் ஹால் டிரக்கர் இவ்விரண்டையும் உதாரணமாகக் கொள்வோம். இரண்டும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களால் ஆனவை. இரண்டிலும் சுமைதாங்கும் கேரியர் பூட்ட இடமுண்டு. நிறத்தைக் கண்டு மயங்குவோர் மயங்குக. நாம் அளவுகோலை எடுப்போம்.

மிதியச்சினின்று பின்சக்கர அச்சுவரையுள்ள குழாயின் நீளம் டிரக்கரில் 460 மில்லிமீட்டர். பிற்காலத்து 520இல் சுமார் 450. பத்து மில்லிமீட்டர் அற்பமென்பீரோ? பின்புறம் இருமருங்கும் பைகள் தொங்குகையில், குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் பையில் இடிப்பதும் இடியாதொழிவதும் இச்சிறு இடைவெளியைப் பொறுத்தனவே. பையைப் பின்னே தள்ளி மாட்டலாமேயெனின், பாரம் அச்சுக்கு அப்பாற் சென்று வண்டி வாலாட்டும். பெரும்பாதமுடையார் இதனை முதலிற் கவனிக்கக்கடவர்.

இனிச் சக்கரம். 520இன் ரிம் 622 மில்லிமீட்டர் விட்டமுடையது. டிரக்கரோ 559 மில்லிமீட்டர் ரிம்மோடும் கிடைத்தது. பின்னதை 26 அங்குலமென்பர். அப்பெயரால் வேறு விட்டங்களும் வழங்குதலின், டயரிற் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்குக. சிறிய சக்கரம் பெருஞ்சுமைக்கு உறுதியானது. செம்மையான சாலையில் இலேசான சுமையோடு செல்வார்க்கு 520 போதும். கரடுமுரடான வழியிற் கூடாரமும் பாத்திரமும் ஏற்றிச் செல்வார்க்கு டிரக்கரையே நாம் சொல்வோம்.